வீட்டில் சொல்லப்படும் அமெரிக்கச் சிறுகதை

சிறுகதையை அச்சகத்தின் குழந்தை என்பர். பத்திரிகைப் பக்கத்தின் அளவும், வாசகன் ஒருவன் தனியே அமர்ந்து படிக்கும் நேரமும் சேர்ந்து அதன் நீளத்தை வரையறுத்தன. எட்கர் அலன் போ, ஹாதோர்னின் கதைத் தொகுதி ஒன்றிற்கு 1842 இல் எழுதிய மதிப்புரையில், அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாய், ஒரே உணர்ச்சி விளைவைக் குறித்து நடப்பதே சிறந்த உரைநடைக் கதை என வகுத்தார். அவ்விலக்கணம் தமிழ்த் திறனாய்வாளராலும் பலகால் எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஆயின் அது படிப்போனை நோக்கி எழுந்த இலக்கணம். கேட்போனைப் பற்றி, அதிலும் பாயிற் படுத்தவாறே 'உம்' கொட்டிக்கொண்டு கதையின் பாதியில் உறங்கிவிடும் சிறு பிள்ளையைப் பற்றி, அஃது ஒன்றும் கூறவில்லை. மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டிய தாய்க்கும் தந்தைக்கும் 'ஒரே அமர்வு' என்பது கைகூடாத ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஆசிரியர்களின் சிறுகதைகள் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பள்ளி வழியாகவே வந்து சேர்ந்துள்ளன. சுருக்கி எளிதாக்கிய ஆங்கில வாசகமாக, அருஞ்சொற்பொருளும் வினாக்களும் பின்னிணைந்த பாடமாக அவை வருகின்றன. பாடம் முடிந்ததும் கதையும் முடிந்துவிடுகின்றது. அக்கதைகளை வீட்டில், தமிழில், தேர்வு பற்றிய எண்ணமின்றிப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ளும்போது அவற்றுள் எவை நிற்கின்றன, எவை தளர்கின்றன என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும். வாய்வழிச் சொல்லுதல் ஒரு கடுமையான சோதனை. ஏட்டில் அழகாகத் தோன்றும் பல அங்கே உதிர்ந்துபோகின்றன.

சோதனைக்களம் எதுவாகவும் இருக்கலாம். எனினும் மாத்தளை மாவட்டத்து லக்கலயை எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறி, காற்றும் மூடுபனியும் ஓயாத ரிவர்ஸ்டனைக் கடந்து, இலுக்கும்புரவுக்கு இறங்கிச் செல்லும் பாதை லக்கல, பல்லேகமப் பகுதியை அடைகின்றது. அம்மலைத்தொடர் மடக்கிய கைவிரல்களின் மொளிகளைப் போலத் தோன்றியதால் ஆங்கிலேயர் அதனை நக்கிள்ஸ் என்றனர். உள்ளூர் வழக்கிலே அது தும்பர மலை. இலங்கையின் மத்திய மலைநாடு 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது இம்மலைக் காடும் அதனுள் அடங்கிற்று. சிங்கள மக்களே இங்குப் பெரும்பான்மையினர். தமிழ்க் குடும்பம் ஒன்று இங்கு வாழுமாயின், அவ்வீட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் ஒரு மொழியும் அடுப்படியில் ஒரு மொழியும் கேட்டு வளர்வர். மொறகஹகந்த, களு கங்கைத் திட்டத்தின் கீழ், களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018 இல் நீர் நிரப்பத் தொடங்கிய பின், பழைய லக்கல நகர் இருந்த நிலம் நீருள் அமிழ்ந்தது; மேட்டு நிலத்திலே புதிய நகர் அமைந்தது. கடைத்தெருவும் பேருந்து நிற்குமிடமும் அலுவலகங்களும் இடம் மாறின. பெற்றோர் 'பழைய ரவுன்' என்று கைநீட்டிக் காட்டும் திசையிற் பிள்ளைகள் காண்பது தண்ணீர்ப் பரப்பையே.

அத்தகைய ஊரில் வாஷிங்டன் இர்விங்கின் 'ரிப் வான் விங்கிள்' சொல்லப்படுவதாகக் கொள்வோம். 1819 இல் வெளிவரத் தொடங்கிய 'ஸ்கெச் புக்' என்னும் நூலின் முதற்பகுதியிலேயே இக்கதை இடம்பெற்றது. அமெரிக்கச் சிறுகதையின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கப்படுகின்றது. கற்ஸ்கில் மலையடிவாரத்து ஒல்லாந்தக் குடியேற்ற ஊர் ஒன்றில் வாழும் ரிப், வீட்டுவேலை தவிர்ந்த எல்லா வேலையிலும் வல்லவன். ஒருநாள் துப்பாக்கியும் நாயுமாக மலையேறுகின்றான். சாராயப் பீப்பா ஒன்றைச் சுமந்துவரும் விந்தை மனிதனுக்கு உதவி செய்து, பேசாமலே பந்துருட்டி விளையாடும் கூட்டத்தினரைக் காண்கின்றான். அவர்தம் மதுவைக் களவாய்க் குடித்து உறங்குகின்றான். விழித்தெழும்போது துப்பாக்கி துருப்பிடித்திருக்கின்றது, நாயைக் காணோம், தாடி ஓரடி வளர்ந்திருக்கின்றது. ஊருக்கு வந்தால் ஊரே வேறாகிவிட்டது. விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த ஜோர்ஜ் மன்னரின் முகத்தைச் சற்றே திருத்தி, சட்டையின் நிறத்தை மாற்றி, ஜெனரல் வாஷிங்டன் என்று எழுதிவைத்திருக்கின்றார்கள். தான் மன்னரின் விசுவாசமுள்ள குடி என்று அப்பாவியாய்க் கூறும் ரிப்பை, ஒற்றன் என்று கூட்டம் சூழ்ந்துகொள்கின்றது.

இக்கதையைப் பாடமாகப் படிக்கும் மாணவனுக்கு 1776 ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தையும் அதன் பின் நடந்த போரையும் விளக்கவேண்டும். வீட்டில் அவ்விளக்கம் அத்துணை வேண்டியதன்று. 'ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த காசு புழங்கிய காலத்தில் மலைக்குப் போய்ப் படுத்தவன், நாடு குடியரசான 1972 க்குப் பின் எழுந்துவந்தால் எப்படியிருக்கும்?' என்று பாட்டன் ஒருவர் ஒரே தொடரில் அதனைத் தாண்டிவிடுவார். இரு நாட்டிலும் மாறிய மன்னன் பெயர் ஜோர்ஜாகவே அமைந்தது கதைசொல்லிக்குக் கிடைத்த நற்பேறு. லக்கலப் பிள்ளைக்கோ அதுவும் வேண்டாம். காலையில் எழுந்து கடைத்தெருவைத் தேடி இறங்கியவன் குளத்தைக் கண்டான் என்றால் அதற்கு விளங்கிவிடும்.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. இர்விங் இக்கதையை எழுதியபோது கற்ஸ்கில் மலையிற் கால்வைத்ததே இல்லை. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் தமக்கை குடும்பத்தாரோடு தங்கியிருந்தபோது அதனை எழுதினார். கதைக்கரு ஜெர்மானிய நாட்டுக் கதையொன்றிலிருந்து வந்தது. ஆகவே, 'அயல்நாட்டு மலையை லக்கல மலையாக மாற்றிச் சொல்லுதல் மூலத்துக்குத் துரோகம்' என வாதிடுவோர் சற்று ஆறியிருந்து சிந்திக்கவேண்டும். ஜெர்மானிய மலையை அமெரிக்க மலையாக்கியவர் மூல ஆசிரியரே. அதற்குமேல் காலமும் இக்கதையோடு ஒரு விளையாட்டு விளையாடியுள்ளது. நியூயோர்க் நகரின் குடிநீருக்காக அதே கற்ஸ்கில் மலைப்புறத்தில் 1907 இல் நீர்த்தேக்கம் ஒன்று கட்டத் தொடங்கப்பட்டது. அதன்பொருட்டுப் பல சிற்றூர்கள் பெயர்க்கப்பட்டன. வீடுகளும் கல்லறைகளும் இடம் மாறின. அந்நீர்த்தேக்கத்தின் பெயர் அசோகன். அஃது அம்மண்ணின் பழங்குடிச் சொல். நம் பேரரசர் அசோகருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரிப் உறங்கிய மலையடியிலும் ஊர்கள் நீருள் மூழ்கின என்பதை லக்கலயிற் கேட்கும் பிள்ளை, கற்ஸ்கிலை அதன்பின் அயலூராக எண்ணாது.

எனினும் மலையை மாற்றாது சொல்லுவதே நன்று. 'கற்ஸ்கில்' என்ற கரடுமுரடான பெயரைப் பிள்ளை வாயில் வைத்து உருட்டட்டும். பெயரை மாற்றினால் கதை உள்ளூர்ப் பேய்க்கதைகளுள் ஒன்றாகிவிடும். பெயரை வைத்துக்கொண்டால், தொலைவிலுள்ள ஓர் ஊரும் தன் ஊர்போல் ஆயிற்று என்னும் வியப்பு எஞ்சும், அவ்வியப்பே பெறத்தக்கது.

இர்விங்கின் கதையில் ஒரு பெருங்குறை உண்டு. வீட்டிற் சொல்லும்போதுதான் அது வெளிப்படுகின்றது. ரிப்பின் மனைவிக்கு அக்கதையிற் சொந்தப் பெயரே இல்லை. ஓயாது ஏசுபவள் என்பதொன்றே அவளைப் பற்றிய செய்தி. கணவன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டிக்கொடுத்துப் பேய்க்கதை சொல்லித் திரிகையில், பாழ்பட்ட தோட்டமும் கந்தலுடுத்த மக்களும் யார் பொறுப்பில் இருந்தனர் என்பதைச் சொல்ல ஆசிரியருக்கு விருப்பமில்லை. இறுதியில், வியாபாரி ஒருவனோடு சினந்து பேசுகையில் இரத்தநாளம் வெடித்து அவள் இறந்தாள் என்ற செய்தியை ரிப்புக்கு ஆறுதலாகவே தருகின்றார். ஏட்டைப் படிக்கும் ஆடவர் இதனை நகைச்சுவை என்று கடந்துசெல்வர். ஆனால் கதைசொல்பவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தமர்ந்த தாயாக இருக்கும்போது அந்நகைச்சுவை அவள் வாயில் ஒட்டுவதில்லை. இருபது ஆண்டு கணவனின்றிப் பிள்ளைகளை வளர்த்தவள் யார் என்ற வினா தானாகவே எழுகின்றது. கையிற் குழந்தையோடு நின்று, ரிப்பைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறிட்டவள் அவன் மகள் ஜூடித். அவளை அவ்வாறு வளர்த்தெடுத்தவள் அப்பெயரற்ற தாய்தான். இதனைச் சொல்லுதல் கதையைத் திருத்துதல் ஆகாது. கதைக்குள் இருப்பதையே எடுத்துக் காட்டுதல். நல்ல கதையின் இயல்பு, அதன் ஆசிரியன் காணாது விட்டதையும் அது தன்னுள் வைத்திருத்தல்.

இன்னொன்றும் கவனிக்கற்பாலது. ஊருக்கு மீண்ட ரிப், விடுதிக்கு வரும் அயலார்க்கெல்லாம் தன் கதையைச் சொன்னான் என்றும், தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் சில இடங்களில் மாற்றிச் சொன்னான் என்றும் இர்விங் எழுதுகின்றார். தன் கதாபாத்திரத்துக்கு அவர் அளித்த அவ்வுரிமை வீட்டுக் கதைசொல்லிக்கும் உரியதே.

மார்க் ட்வெயின் கதையிலும் சொல்லும் வாயே முதன்மையானது. 1865 இல் நியூயோர்க் இதழொன்றில் வெளிவந்து அவருக்குப் பெயர் தேடித்தந்த 'பாயும் தவளை'க் கதை, எதற்கும் பந்தயம் கட்டும் ஜிம் ஸ்மைலியைப் பற்றியது. பயிற்றுவித்த அவனது தவளையின் வயிற்றில் அயலான் ஒருவன் துப்பாக்கி ஈயக்குண்டுகளை நிரப்பிவிட, அது பாய முடியாது தரையோடு ஒட்டிக்கிடக்கின்றது. நாற்பது டொலர் தோற்றுப்போகின்றது. இவ்வளவே கதை. இதனைச் சுருக்கினால் ஒன்றுமில்லை. பள்ளி வாசகங்களில் இக்கதை உயிரிழந்து கிடப்பதன் காரணமும் அதுவே. சுவை முழுவதும் சைமன் வீலர் என்னும் கிழவர் முகத்திற் சிரிப்பின் நிழலும் படாமல், பெருங்காவியம் உரைப்பவர்போல் அதனைச் சொல்லும் முறையில் அடங்கியுள்ளது. தமிழருக்கு இம்முறை புதிதன்று. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் சீடர் ஐவரையும் சிரிக்காமற் சொல்லத் தெரிந்த பாட்டி எவளுக்கும் சைமன் வீலர் ஓர் உறவினரே. பொருளில்லாப் புனைவையும் பொருள் பொதிந்த நகைமொழியையும் உரைநடையின் வகைகளாகத் தொல்காப்பியர் கொண்டார். முன்னதற்கு யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதைபோல்வனவற்றைப் பேராசிரியர் காட்டினார். மிருகத்தின் மேல் ஏற்றிச் சொல்லும் பொய்க்கு இலக்கணநூலே இடம் வகுத்த மொழியில், தவளைக்கு டானியல் வெப்ஸ்டர் என்று அரசியற் பெருமகன் ஒருவரின் பெயரைச் சூட்டிய குறும்பு எடுபடாது போகாது.

மொழிபெயர்ப்புப் பற்றி இக்கதை தரும் பாடமும் உண்டு. பிரெஞ்சு இதழொன்றில் இக்கதையின் மொழிபெயர்ப்பைக் கண்ட ட்வெயின் சினங்கொண்டு, அதனைச் சொல்லுக்குச் சொல் மீண்டும் ஆங்கிலமாக்கி, மூன்றையும் சேர்த்து 1875 இல் வெளியிட்டார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தவளை எவ்வாறு சாகும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. வீட்டில் ஆங்கில ஏட்டைக் கையில் விரித்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி தமிழாக்கிச் சொல்லும் தந்தையர் இதனை நினைவிற் கொள்வாராக. ஏட்டை மூடிவைத்துவிட்டுச் சொல்லவேண்டிய கதை இது. சைமன் வீலர் பேச்சுவழக்கிற் பேசியவர். தமிழிலும் அவர் பேச்சுவழக்கிலேயே பேசவேண்டும். செந்தமிழில் அவரைப் பேசவைப்பது அவருக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிடுவதாகும்.

அதே ட்வெயின் 1896 இல் கொழும்புக்கு வந்தார். தம் பயண நூலில், நிறங்கள் பொங்கும் உள்ளூர் மக்களின் உடைகளை வியந்து பாராட்டியவர், மிஷன் பள்ளியிலிருந்து ஐரோப்பிய உடையில் வரிசையாய் வெளிவந்த சிறுமிகளைக் கண்டு மனம் நொந்து எழுதினார்; அவர்களுக்குப் பொருந்தாத உடையை உடுத்திவிட்டவர்மேல் அவருக்குக் கோபம். தம் கதைகள் அதே நாட்டுப் பிள்ளைகளிடம் எவ்வுடையில் வந்து சேரும் என அவர் எண்ணியிருக்கமாட்டார்.

ஜோயல் சாண்ட்லர் ஹரிஸின் 'ரீமஸ் மாமா' கதைகள் 1880 இல் நூலுருவாயின. கீல் பூசிய பொம்மையை அறைந்து கைகால்கள் நான்கும் ஒட்டிக்கொண்ட முயலின் கதை அவற்றுட் புகழ்பெற்றது. பிசுபிசுத்த மயிருடைய அரக்கனை அடித்துக் கைகால்களும் தலையும் ஒட்டிக்கொண்ட இளவரசனின் கதை புத்த ஜாதகத்தில் உண்டு. இரண்டினது ஒற்றுமையை அறிஞர் பலர் சுட்டியுள்ளனர். லக்கலயில் தமிழ்ப் பிள்ளை முயலின் கதையைக் கூறினால் அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளை ஜாதகக் கதையைத் திருப்பிக் கூறக்கூடும். ஆனால் இங்குச் சொல்பவர் ஒன்றை மறைத்தலாகாது. ஹரிஸின் நூலில் கறுப்பினக் கிழவர், தம்மை முன்னர் அடிமையாக வைத்திருந்த வெள்ளைக் குடும்பத்தின் பிள்ளைக்குக் கதை சொல்லுகின்றார். 1865 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அவ்வடிமை முறையை ஆசிரியர் இனிய பழங்காலமாகவே தீட்டினார். மூலத்தின் 'பிளான்டேஷன்' என்ற சொல்லுக்கு மாத்தளைத் தமிழில் 'தோட்டம்' என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. அச்சொல்லைக் கேட்ட பிள்ளைக்குக் கொழுந்துக் கூடையும் லயன் வீடும் கண்முன் வரும். வரட்டும், யார் நிலம், யார் உழைப்பு, யார் கதை என்று அது கேட்டால் பெற்றோர் விடை கூறக் கடவர். முயலின் தந்திரம் வலியார் கையிற் சிக்கிய எளியாரின் தந்திரம் என்பதை அவ்வினாவே வெளிக்கொணரும்.

ஓ. ஹென்றியின் புகழ் நம்மிடையே இவர்கள் எல்லாரினும் மிகுதி. 'மேகியரின் பரிசு' 1905 டிசம்பரில் நியூயோர்க் நாளிதழின் ஞாயிறு இதழில் வெளிவந்தது. கணவனின் கைக்கடிகாரம் அன்று, பையில் வைக்கும் பரம்பரைக் கடிகாரம். அதற்குச் சங்கிலி வாங்க மனைவி கூந்தலை விற்கின்றாள். அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்க அவன் கடிகாரத்தை விற்கின்றான். தமிழாக்குவோர் சிலருக்குக் கூந்தலை நகையாக மாற்றும் ஆவல் எழக்கூடும். நம் வீடுகளில் வறுமை முதலிற் சென்று கதவைத் தட்டுவது அடகுக்கடையிலல்லவா? அம்மாற்றம் கதையைக் கொன்றுவிடும். அடகு வைத்த நகை மீளலாம், மீளாமலும் போகலாம். கூந்தலோ உறுதியாக மீண்டும் வளரும். டெல்லாவே அதனைக் கணவனிடம் சொல்லுகின்றாள். ஆகவே சீப்புகள் ஒருநாள் பயன்படும்; சங்கிலி பயன்படாது. இருவரும் சமமாக இழந்தனர் என்று பெரியவர்கள் சொல்லி முடிக்கும்போது, பிள்ளை கணக்குப் பார்த்துக் கணவன் இழந்ததே பெரிது எனக் கண்டுபிடிக்கும். முடியிறக்கிய தலையில் மறுபடி மயிர் முளைப்பதைக் கோயிலிற் பார்த்த பிள்ளைக்கு இஃது அரிய கண்டுபிடிப்பன்று.

கணக்குப் பார்க்கும் பிள்ளை வேறொன்றையும் கண்டுபிடிக்கும். கதையின் தொடக்கத்தில் அவளிடம் இருப்பது ஒரு டொலர் எண்பத்தேழு சதம். அதில் அறுபது சதம் ஒருசதக் காசுகள். எஞ்சிய ஒரு டொலர் இருபத்தேழு சதத்தை ஐந்து, பத்து, இருபத்தைந்து சத நாணயங்களால் ஆக்க இயலாது. 1873 வரை அச்சிடப்பட்ட பழைய இரண்டுசத நாணயம் ஒன்று அவள் குடுக்கையில் இருந்ததென்று கொண்டால் கணக்கு ஒத்துவரும். ஆசிரியரின் கவனக்குறைவாக இருக்கலாம். கடைக்காரரிடம் காய்கறிக்குப் பேரம் பேசிச் சதஞ்சதமாகச் சேர்த்த காசு அது என்று கதை கூறுவதால், இரவல் நாணயம் ஒன்று கலந்திருந்தாலும் வியப்பில்லை.

இச்சிறப்புகள் இருந்தும் ஓ. ஹென்றி சொல்லுதற்கு எளிதாகத் தோன்றி ஏமாற்றுபவர் என்பதே முடிபு. அவருடைய திருப்பம் ஒருமுறைதான் திரும்பும். 'இன்னொரு தரம்' என்பது பிள்ளைகளின் நிலையான வேண்டுகோள். முடிவு தெரிந்த பின்னும் சுவை குன்றாத கதையே அவ்வேண்டுகோளுக்கு ஈடுகொடுக்கும். 'கடைசி இலை'யில் கிழ ஓவியன் மழையில் நனைந்து சுவரில் இலையைத் தீட்டிய செய்தி இறுதியில் வெளிப்படுகின்றது. இரண்டாம் முறை கேட்கும் பிள்ளை தொடக்கத்திலேயே 'அது தீட்டின இலை' என்று கூவிவிடும். அதன்பின் சொல்பவருக்கு வேலையில்லை. ரிப்பின் தாடி ஓரடி வளர்ந்ததை எத்தனை முறையும் சொல்லலாம். மேகியர் யார் என்பதையும் இந்துப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு தொடரிற் கூறிவிடுதல் நலம்: பிறந்த குழந்தைக்குப் பரிசு கொண்டுவந்த கீழ்த்திசை அறிஞர். கதையின் இறுதியில் ஆசிரியர் அவர்களைக் கொண்டு உரைக்கும் பொழிப்பு வீட்டுக்கு வேண்டாதது.

இங்கே நீதி பற்றிய வினா வந்துவிடுகின்றது. ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் அரிச்சுவடியோடு கற்ற சமுதாயத்தில், நீதியின்றிக் கதையை நிறுத்துவது பாயசமின்றி விருந்தை முடிப்பதுபோலத் தோன்றும். அமெரிக்கரும் இதில் இளைத்தவரல்லர். ஹாதோர்னின் 'பெரிய கல்முகம்' 1850 இல் வெளிவந்தது. மாலைவேளையில் குடிசை வாயிலில் அமர்ந்து, எதிரே மலையிற் பாறைகள் மனித முகம்போல் அமைந்திருப்பதைக் காட்டித் தாயொருத்தி மகனுக்குக் கதை சொல்லுவதோடு அது தொடங்குகின்றது. அத்தொடக்கம் இக்கட்டுரைப் பொருளின் ஓவியமே. ஆனால் அதன்பின் செல்வன், படைத்தலைவன், அரசியலாளன், கவிஞன் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து, அம்முகத்துக்கு ஒப்பாகாமற் போகும் முறை பாடப்பட்டியல்போல் நடக்கின்றது. மலையை விரல்மொளியாகக் கண்ட ஊரில் மலையை முகமாகக் காண்பது எளிது. பிள்ளைகள் முகத்தை நினைவில் வைத்து மற்றவரை மறந்துவிடுவர். நியூ ஹம்ஷயரில் அக்கதைக்கு அடிநின்ற பாறைமுகம் 2003 மே 3 ஆம் நாள் சரிந்து விழுந்தது என்பதைக் கூறினால் அன்றிரவு கதை வேறுதிசையிற் சென்றுவிடும்.

நீதி சேர்ப்பதனால் வரும் கேட்டை வேறெவரையும்விட நன்கு காட்டுபவர் ஜாக் லண்டன். 'தீ மூட்டுதல்' என்னும் கதையை அவர் இருமுறை எழுதினார். 1902 இல் இளைஞர் இதழொன்றுக்காக எழுதியதில், கடுங்குளிரில் தனியே புறப்பட்ட டொம் வின்சென்ட் அரும்பாடுபட்டுத் தீமூட்டிப் பிழைத்துக்கொள்கின்றான். வடநாட்டில் தனிவழி செல்லலாகாது என்னும் படிப்பினையும் பெறுகின்றான். 1908 இல் வேறோர் இதழுக்கு அதே தலைப்பில் எழுதிய கதையில் மனிதன் பிழைப்பதில்லை. பூச்சியத்துக்குக் கீழ் எழுபத்தைந்து பாகை பரன்ஹைட் குளிரில் அவன் கால் நீரில் நனைகின்றது. மரத்தடியில் மூட்டிய தீயின்மேல் கிளைகளில் இருந்த உறைபனி சரிந்து விழுந்து அணைத்துவிடுகின்றது. விறைத்த கையால் எழுபது தீக்குச்சிகளையும் ஒன்றாய்ப் பற்றவைத்துத் தோல் கருகியும் தீ எழவில்லை. உடன்வந்த நாயைக் கொன்று அதன் உடற்சூட்டிற் கையை நுழைக்க எண்ணுகின்றான். கத்தியைப் பிடிக்கவும் விரல் மடங்கவில்லை. இறுதியில் அமர்ந்தவாறே உறங்குவான்போல் இறக்கின்றான்.

பிள்ளைகளுக்கு எதனைச் சொல்லுவது? பெற்றோர் பலர் முதலாவதையே தெரிவர். ஆசிரியரே பிள்ளைகளுக்கென எழுதியது அதுவன்றோ என்றும் கேட்பர். கேள்வி நேர்மையானதே. சிறுவனுக்குச் சாவைச் சொல்லி அச்சுறுத்துதல் நல்லதன்று; போவின் 'காட்டிக்கொடுத்த இதயம்' போன்றதை இரவில் சொல்லாதிருக்கும்படி எவரும் அறிவுரை கூறுவர். ஆனால் அங்குள்ளது அச்சத்துக்காக அச்சம். லண்டனின் இரண்டாவது கதையில் அச்சமூட்டும் நோக்கமே இல்லை. நிகழ்வது ஒவ்வொன்றும் காரணத்தோடு நிகழ்கின்றது. ரிவர்ஸ்டன் காற்றில் நனைந்த சுள்ளியை ஊதி ஊதிக் கண்சிவந்த வீட்டுப் பிள்ளைக்கு, தீ பற்றுமா பற்றாதா என்பது விளங்காத செய்தியன்று. உறைபனியை அது கண்டதில்லை, ஈரவிறகைக் கண்டிருக்கின்றது. அணைந்த அடுப்பின் துன்பத்தை அளவாகக் கொண்டு கண்டிராத குளிரை அது அளந்துகொள்ளும். முதற்கதையோ தனிவழி போகாதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றது. அதனைச் சொல்ல வடதுருவம்வரை போகவேண்டியதில்லை. வாசற்படியில் நின்றே தாய் சொல்லிவிடுவாள்.

எட்டு ஒன்பது வயதுக்கு முன் இரண்டாவது கதை வேண்டாம் என்பது ஏற்கத்தக்கதே. அவ்வயது வந்தபின் முடிவை மாற்றிச் சொல்லுதல் தகாது. மாற்றிச் சொன்னதைப் பின்னர் ஏட்டிற் படித்துக் கண்டுகொள்ளும் பிள்ளை, லண்டனை அன்று, சொன்ன தந்தையையே ஐயுறும்.

சொல்லி முடித்தபின் பிள்ளை கேட்கக்கூடியது மனிதனைப் பற்றியதாகவும் இராது. நாய்க்கு என்னவாயிற்று என்பதே முதற்கேள்வியாய் வரும். அதற்கு விடை கதையிலேயே உண்டு: அது சிறிதுநேரம் காத்திருந்தது, சாவின் மணத்தை முகர்ந்தது, வானத்து விண்மீன்களின்கீழ் ஊளையிட்டது, பின் தீயும் உணவும் தரக்கூடிய வேறு மனிதர் இருக்கும் பாசறையை நோக்கி ஓடிற்று. அந்நாயின் பெயர் என்ன என்பது அடுத்த கேள்வி. லண்டன் அதற்குப் பெயரிடவில்லை. படிப்பினை பெற்றுப் பிழைத்தவனுக்கு டொம் வின்சென்ட் என்று பெயர் வைத்தவர், இறந்தவனுக்கும் பெயரிடவில்லை.